நான் திருத்திப் படித்த கடிதங்கள்

மகனே,

நலம் விசாரிக்கும் வரியை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நீ சாப்பிட்ட அளவை நேரில் பார்த்தேன், நலமாகத்தான் இருக்கிறாய். உறையை நான் ஒட்டவில்லை. நம் சபையிலிருந்து தினமும் ரயிலில் திருப்பதிக்கு வேலைக்குப் போய்வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பாகாலாவில் வண்டி வழக்கம்போல நிற்கும் நேரத்தில் அவர் இதைப் படித்துவிடுவார். சந்திரகிரி வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரரும் படித்துவிடுவார். படிக்கட்டும். பதின்மூன்று வருடங்களுக்கு முன் நான் உன்னைக் கண்டித்து எழுதியது ஒரு தபால் கார்டில். சித்தூரிலிருந்து உன் விடுதிச் சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் வழியில் அதைப் படிக்காதவர்கள் எழுத்தறிவு இல்லாதவர்கள் மட்டும்தான். திட்டியது எல்லோரும் படிக்கும்படி என்றால், தவறை ஒப்புக்கொள்வது மட்டும் ஒட்டிய உறைக்குள் வருவது நியாயமாகாது.

அன்றைக்குச் சாப்பிட்டு எழுந்ததும் நீ சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாய். புத்தூரில் உனக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண் எழுதியது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் இருவரும் ஒருவரையொருவர் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்று பெரியவர்கள் பார்த்துச் செய்த ஏற்பாடு. நீ சொன்னாய்: "நைனா, பதில் நீங்களே எழுதிடுங்க. கையெழுத்து மட்டும் நான் போட்டுடறேன்." சட்டையைச் சலவைக்குப் போடுகிறவன் போல, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "எனக்கு எழுதறதெல்லாம் எங்க வருது நைனா, உங்களுக்குத் தெரியாததா?" என்றாய். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முப்பது வயதில், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னாய். எழுத வராது என்பது உனக்குப் பிறவியில் வந்த குறை அல்ல. அதைக் கொடுத்த ஆள் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

உன்னைத் தெலுங்கு மீடியத்தில் சேர்த்தது நான். என் ஆபீசில் கோப்புகளெல்லாம் ஆங்கிலத்தை விட்டுத் தெலுங்குக்கு மாறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தமிழ் படித்தவன் இந்த ஜில்லாவில் பாட்டுப் புத்தகம்தான் வாசிக்கலாம், சம்பளம் வாங்க முடியாது என்று கணக்குப் போட்டேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஞாயிற்றுக்கிழமை வேதாகமத் தமிழ். நீ பாமாலைகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தாய். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உன் அம்மா பக்கம் திருப்பும்போது நீயும் திருப்புவாய். உன் அம்மாவுக்கு நேர்மாறு. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், தெலுங்கில் ஒரு எழுத்தும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் ஒரே வீட்டில் இருக்கும் தாயும் மகனும் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்க முடியாது என்பது, நீ பி.எஸ்.ஸி. படிக்கத் திருப்பதிக்குப் போகும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. அதுவரை நீங்கள் எழுதிக்கொள்ள அவசியம் இருக்கவில்லை. நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

விடுதிக்குப் போன இரண்டாவது வாரம் உன் முதல் கடிதம் வந்தது. இன்லாண்டு லெட்டரில் மூலைகூட மிச்சமில்லாமல், மடிப்புக்குள்ளேயும் எழுதியிருந்தாய். எழுத்து தெலுங்கு. பேச்சு நம் வீட்டுப் பேச்சு. அதை நீ யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. கையில் இருந்த எழுத்தை எடுத்து, வாயில் இருந்த பேச்சை அப்படியே எழுதிவிட்டாய். அந்தக் கடிதம் எனக்கு இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. திருத்துகிறவன் மூன்று முறை படித்தாக வேண்டும், அதனால்.

"எம்மா, இங்க மெஸ்ல இட்லி கீதே, அத்த துன்னக்கூடாது, வூடு கட்டலாம். நேத்து ஒன்னு தட்டுலேர்ந்து கீழ வுழுந்துச்சி. மாடியில தூங்கிக்கினு இருந்த வார்டன் எறங்கி வந்து, யார்ரா கதவத் தட்டுனதுன்னு கேட்டாரு. பக்கத்துல குந்திக்கினு இருந்தவன் இட்லிய எடுத்துக் காட்டினான். அவரு அத்த வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, ஒன்னும் ஆவல, துன்னுன்னு தட்டுலியே வெச்சிட்டு பூட்டாரு. எம்மா, உன் கை இட்லிய நெனச்சிக்கினேன். நெனச்சா பசி ஜாஸ்தியாவுது. அதனால ஞாயித்துக்கெழம மட்டும் நெனைக்கறேன்."

இதை நான் உன் அம்மாவுக்குப் படித்துக்காட்டிய விதம் இது: "விடுதியில் சிற்றுண்டி திருப்திகரமாக இல்லை. வார்டன் கண்டிப்பானவர். உங்களை நினைத்துக்கொள்கிறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய பேப்பரு, அவ்ளோதான் எழுதிக்கீறானா?" என்றாள். எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறான் என்று சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதை நீ நம்ப வேண்டும். கொச்சையை நீக்கி அதன் சாரத்தைக் கொடுப்பதாக நினைத்தேன். ஆபீசில் அதற்குத்தான் எனக்கு நல்ல பெயர். ஒரு கிராமமே கூடிவந்து அழுத மனுவை, மேலதிகாரி உட்கார்ந்த இடத்தில் படித்து முடிக்கும்படி மூன்று வரியாகச் சுருக்குவேன். அடுத்த இரண்டு கடிதங்களையும் அப்படித்தான் படித்தேன். மூன்றாவதைக் கேட்டதும் உன் அம்மா பயந்துவிட்டாள். "இது அவன் வாயி இல்லிங்க. யாராச்சும் சொல்லச் சொல்ல எழுதிக்கீறானா? உடம்புகிடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். அவள் உனக்குச் சொல்லி அனுப்பிய பதில்களையும் நான்தான் எழுதினேன், அவற்றையும் செம்மைப்படுத்தினேன். அவள் உன்னைத் திட்டிய திட்டெல்லாம் "கவனத்துடன் நடந்துகொள்ளவும்" என்று உன்னிடம் வந்திருக்கும். நான் தமிழ் எழுத்தில் எழுதியதால், அதைக்கூட நீ பக்கத்து அறைக்காரனிடம் கொடுத்துப் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் கடிதத்தையாவது நீயே படிக்கட்டும் என்று தெலுங்கு எழுத்தில் எழுதுகிறேன். ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் ஒரு தாலுக்கா ஆபீசாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டில் ரமணம்மா குடியிருந்தார், நினைவிருக்கும். கணவருக்கு மாற்றலாகிக் குண்டூரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழில் தண்ணீர், பால், நாளைக்கு வா என்ற மூன்றும்தான் தெரியும். ஒரு மதியம் எனக்குத் தலைவலி, ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். வீட்டில் யாருமில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடியும் சிரித்தாள். எட்டிப் பார்த்தேன். துணி துவைக்கும் கல்லில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ரமணம்மா கையில் உன் கடிதம். எழுத்துக் கூட்டி, குண்டூர் இழுப்போடு, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி, ஒரு சொல்லும் அர்த்தமாகாமல் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை உன் அம்மா பொறுக்கிச் சேர்த்து உன் பேச்சாக ஆக்கிக்கொண்டாள். ஒருத்திக்கு எழுத்து, ஒருத்திக்கு மொழி. இருவரும் சேர்ந்து ஒரு வாசகர். நீ எழுதிய கடிதம் எழுதியபடியே போய்ச் சேர்ந்தது அந்தத் துவைக்கும் கல்லில் மட்டும்தான். அதற்கு முன் வந்த கடிதங்களையும் அவள் அங்கே கொண்டுபோயிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் ரமணம்மா எழுந்து, "மீ அப்பாயி பலே ராஸ்தாடண்டி" என்றார். உங்கள் பையன் பிரமாதமாக எழுதுகிறான் என்று. உங்களுக்குத்தான் அர்த்தமாகவில்லையே என்று நான் தெலுங்கில் கேட்டேன். அதற்கு அவர், அர்த்தம் ஆகாவிட்டால் என்ன, அக்கா சிரித்தாளே என்றார். இலக்கியத்தைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது ஏறவில்லை. நம் வீட்டுக் கொச்சை மதில் தாண்டி, குண்டூர்க்காரர் வாயில் ஏறி, தெருவுக்குக் கேட்கிறது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் படித்தபோது அவள் சிரிக்கவில்லை.

உன் கடிதங்கள் ஆறையும் வாங்கிக்கொண்டேன். மறுபடியும் படித்துக்காட்டத்தான் வாங்குகிறேன் என்று நினைத்து அவளே எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றின் வரிகளுக்கிடையிலும் சிவப்பு மையில், தமிழ் எழுத்தில், நல்ல தமிழில் அதை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று எழுதினேன். ஒரு வாரம் பிடித்தது. ஆறையும் கட்டி உனக்கே அனுப்பிவிட்டு, அந்தக் கார்டையும் எழுதினேன். அதன் வாசகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பாகாலாவில் படிக்கிறவருக்காக இங்கே எழுதுகிறேன். "தாய்மொழியை அதன் எழுத்தில் எழுதத் தெரியாதவன் எழுதாமல் இருப்பதே பெற்றோருக்குச் செய்யும் மரியாதை. இனி முறையாகக் கற்று எழுது; அதுவரை ஆங்கிலத்தில் நலம் மட்டும் தெரிவி." எழுதி முடித்து ஒரு முறை படித்துப் பார்த்தேன். வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. தாய்மொழியைப் பிடுங்கிவிட்டு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன் யார் என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. அந்தக் கார்டை, தமிழ் வாசிக்கத் தெரிந்த நகரி ஊர்ப் பையன் ஒருவன் மெஸ்ஸில் நின்று சத்தமாக வாசித்ததும், அந்த வருடம் முழுக்க விடுதியில் உன் பெயர் 'மரியாதை' என்று ஆனதும், வெகு நாள் கழித்து நீ சிரித்துக்கொண்டே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஆறு கடிதங்கள் எங்கே என்று அன்று கேட்டேன். வெந்நீர் அடுப்பில் போட்டதாகச் சொன்னாய். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் சுட்டதா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு கார்டு, ஆங்கிலத்தில். நலம், பரீட்சை நெருங்குகிறது, நலமென நம்புகிறேன். பிழையே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது; ஆபீசில் இரண்டு பேரிடம் காட்டவும் செய்தேன். உன் அம்மா முதல் கார்டை எடுத்துக்கொண்டு ரமணம்மாவிடம் போனாள்; அவருக்கு ஆங்கிலம் தெரியாது. திரும்பி வந்து, "இதுல சிரிக்க இன்னா இருக்குது?" என்று கேட்டாள். சிரிப்பதற்காகக் கடிதம் எழுதுவதில்லை என்றேன். அடுத்த வருடம் ரமணம்மாவின் கணவருக்கு மறுபடி மாற்றல் வந்தது. அதன் பிறகும் உன் அம்மா அவ்வப்போது, பையன் எழுதுவதில்லையா என்று கேட்பாள். எழுதுகிறானே, மாதம் தவறாமல் வருகிறதே என்பேன். "அது இல்லிங்க" என்பாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள். நீ லீவுக்கு வரும்போது பேசினாய்தான்; ஆனால் நான் இருக்கும்போது பேச்சைப் பாதியில் நிறுத்தக் கற்றுக்கொண்டிருந்தாய்.

ஆஸ்பத்திரியில் அவள் இருந்த கடைசி வாரம், நீ மருந்து வாங்க வெளியே போயிருந்தபோது, அந்த இட்லிக் கடுதாசியைப் படிங்க என்றாள். கடிதம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நினைவிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். அன்றைக்கு ஒன்றையும் திருத்தவில்லை. கீது, வுழுந்துச்சி, துன்னு எல்லாம் உள்ளது உள்ளபடி சொன்னேன். ஆனால் முப்பது வருடம் வரவேற்புரையும் பிரிவுபசாரப் பத்திரமும் வாசித்த தொண்டை அது. வார்டன் மாடியிலிருந்து இறங்கியபோது கலெக்டர் மேடையேறியது போலிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை. "உங்களுக்கு வராதுங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். நீ உள்ளே வந்தாய். உன்னைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். என் தவறை உன் முன்னால் எடுத்து வைக்க வேண்டியிருக்குமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் அறியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

இப்போது அந்தப் பெண்ணின் கடிதத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை பதில் எழுத உட்கார்ந்தேன். அவளுடைய இரண்டு பக்கங்களையும் படித்தேன். தன் மனம் காலைப் பனியில் நனைந்த லீலிபுஷ்பம் போல இருப்பதாக எழுதியிருக்கிறாள். இந்த லீலிபுஷ்பத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். நிச்சயத்துக்குப் போன அன்று அவளுடைய பெரியப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காபி குடிப்பதற்கு முன் ஜெபம் செய்தார் அல்லவா? காபி ஆறும்வரை செய்தார். அதில் புத்தூர்ச் சபையும் காலைப் பனியில் நனைந்த லீலிபுஷ்பமாகத்தான் இருந்தது. புரிந்துகொண்டேன். புரிந்தும் நிறுத்தவில்லை. நான்கு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் லீலிக்குப் பதிலாக வேதாகமத்திலிருந்து ஒரு கேதுரு மரத்தை நிறுத்தியபோதுதான், நான் உன் கல்யாணத்துக்கு எழுதவில்லை, அந்தப் பெரியவரை ஜெயிக்க எழுதுகிறேன் என்று உறைத்தது. இப்படியே போனால் இரண்டு மாதத்தில் நானும் அவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டிருப்போம். நீயும் அவளும் சும்மா கல்யாணம் செய்துகொள்வீர்கள்.

அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது, கிழித்ததற்குக் காரணமே அதுதான். எத்தனை அதிகாரிகளுக்கு வாழ்த்து எழுதியிருக்கிறேன், எத்தனை கல்யாணத்துக்குப் பா எழுதியிருக்கிறேன். மாற்றலாகிப் போய் மறுபடி இதே ஊருக்கு வந்து மறுபடி மாற்றலான ஒருவருக்கு, முதல் தடவை வாசித்ததையே தேதியை மாற்றி வாசித்தேன். இரண்டு தடவையும் அவர் கண் கலங்கினார். அவற்றில் ஒரு வாக்கியத்தைக் காட்டி, இது இந்த ஆள்தான் எழுதியிருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. பதினேழு வயதில், ஒரு இட்லியை வைத்துக்கொண்டு, நீ அதைச் செய்துவிட்டாய். ரமணம்மாவுக்கே தெரிந்தது.

இன்னொரு விஷயம் உனக்குத் தெரியாது. அன்று புத்தூரில் கை கழுவ உள்ளே போனபோது, சமையல் மேடையில் ஒரு காலண்டர் தாள் கிடந்தது. கடைக்குக் கொடுத்த சாமான் பட்டியல். அந்தப் பெண் எழுதியது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அவளும் தெலுங்கு மீடியம்தானே. தெலுங்கு எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாள். வெல்லம் அரை கிலோ, ரவை ஒரு கிலோ. அதற்குக் கீழே, "காபித்தூள் நல்லதா. வர்றவங்க டவுனாளுங்க, மூஞ்ச சுளிப்பாங்க." படித்ததும் என் முகம் சுளித்தது, உண்மைதான். இங்கேயும் இந்தக் கொச்சையா என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இப்போது யோசித்தால், அந்த இரண்டு பக்கக் கடிதத்தில் இல்லாத பெண் அந்த ஒரு வரியில் இருக்கிறாள். அவளும் யாரோ திருத்தித்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நீ எழுதினால் அவள் படிப்பாள். நடுவில் யாரும் உட்கார வேண்டியதில்லை.

எழுத வராது என்று இனிமேல் சொல்லாதே. போன ஞாயிறு சாப்பிடும்போது உன் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த பிச்சாட்டூர் விவசாயியைப் பற்றிச் சொன்னாயே. நாலடுக்கு டிபன் கேரியரில் மூன்று அடுக்கில் மூன்று கழனி மண்ணும், நாலாவதில் தயிர்ச்சோறும் எடுத்துவந்தவர். பியூன் மண்ணை வெளியே வைத்துவிட்டுத் தயிர்ச்சோற்றுக்கு நம்பர் ஒட்டி உள்ளே அனுப்பிவிட்டான் என்றாய். சோறு எங்கே என்று கேட்டவருக்கு, ரிசல்ட் புதன்கிழமை வரும் என்று பதில் கிடைத்ததாம். அதை எழுது. தெலுங்கு எழுத்தில், என்னிடம் சொன்ன அதே பேச்சில், எங்கே சிரித்தாயோ அங்கே நிறுத்தி எழுது. முதல் வரிக்காகக் காத்திருக்காதே. காத்திருக்கிறவர்களுக்கு லீலிபுஷ்பம்தான் வரும். படிக்கிற பெண் எங்கே சிரிப்பாள் என்று மட்டும் யோசி. வெட்கமாக இருக்கும். என் சிவப்பு மை கண் முன்னால் வரும். வந்தால் அதையும் அவளுக்கு எழுதிவிடு, என் நைனா இப்படி ஒரு ஆள் என்று. மரியாதைக் குறைவாக இருக்குமே என்று பார்க்காதே. அந்த மரியாதையைப் பதின்மூன்று வருடம் செய்துவிட்டாய், போதும்.

அவளுடைய கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதில் நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நீ எழுதி முடித்ததும் நேரே புத்தூருக்கு அனுப்பிவிடு. என்னிடம் காட்டாதே. அடுத்த ஞாயிறு நீ வரும்போது நான் கேட்பேன். சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்பேன். அப்போதும் காட்டாதே.

உன் நைனா